எல்லை கடற்கரையோடு முடிவதில்லை

நாட்டின் எல்லை கடற்கரையோடு முடிந்துவிடுகிறது என்று நினைக்கிறோம். இலங்கையின் சப்ரகமுவத் தோட்டங்களில் அது தொழிலாளர் குடியிருந்த லயத்து வாசல்வரை வந்தது. கேகாலை மாவட்டத்தின் நேவ்ஸ்மியர் தோட்டத்தைக் கிராம விஸ்தரிப்புக்கென அரசாங்கம் சுவீகரித்தபோது, லயத்தை விட்டு வெளியேற மறுத்த இந்திய வம்சாவளித் தொழிலாளர்கள் மீது அத்துமீறல் வழக்குப் பாய்ந்தது. 1946இல் இந்த வெளியேற்றத்தை எதிர்த்து வேலைநிறுத்தம் நடந்தது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய், 1950இல் தண்டனை ரத்தானது. தொல்லை கொடுக்கும் நோக்கமில்லாமல், தனக்கு உரிமை உண்டென்று நம்பித் தங்குபவர் குற்றவாளி ஆகமாட்டார் என்பதே தீர்ப்பின் சாரம். ஆனால் அந்த நியாயம் பிரஜாவுரிமைக்கு நீளவில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் தகப்பனும் பாட்டனும் எங்கே பிறந்தார்கள் என்று கேட்டது. பிறப்புப் பதிவே ஒழுங்காக நடக்காத தோட்டங்களில், அந்தக் கேள்விக்குக் காட்டப் பத்திரம் ஏது? உழைத்து வாழ்ந்தவர்களே ‘கள்ளத்தோணி’ ஆனார்கள். 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று, அவர்களைக் கேட்காமலே பங்கு பிரித்தது.

எல்லையைக் காப்பது அரசின் கடமையல்லவா என்று கேட்கலாம். கடமைதான். தென்னிந்தியாவிலிருந்து அனுமதியின்றிப் படகில் வந்தவர்களும் உண்டு. 1952 முதல் அவர்களைத் தடுக்க இராணுவம் கரையில் நிறுத்தப்பட்டது. ஆனால் கரையில் இறங்குபவரைத் தடுப்பது வேறு, ஏற்கெனவே குடியிருப்பவரைச் சந்தேகத்தில் வைப்பது வேறு. 1977, 1981 தமிழர் விரோத வன்செயல்களில் சப்ரகமுவத் தோட்டங்களை விட்டோடியவர்கள் வவுனியாவை நாடினார்கள். 1983 இனக்கலவரத்துக்குப் பின் மலையகத் தமிழர் பலர் தமிழ்நாட்டு அகதி முகாம்களையும் அடைந்தார்கள். பாட்டன் புறப்பட்ட மண்ணிலேயே பேரன் ‘சட்டவிரோதக் குடியேறி’. 2019இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை, இத்தகையோரின் குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்க வழிவிட்டது.

பத்திரமில்லாதவரைத் தடுத்து வைக்காவிட்டால் ஆள் தலைமறைவாகிவிடுவார் என்பது அடுத்த வாதம். சிலர் விடயத்தில் அது உண்மையாகலாம். அதற்காகத் தடுப்பு தண்டனையாகிவிடக் கூடாது. திருச்சி மத்திய சிறை வளாகத்தில் வெளிநாட்டவருக்கான சிறப்பு முகாமில், வழக்கில் பிணை கிடைத்தவர்கள்கூட, 2025வரை நடைமுறையில் இருந்த வெளிநாட்டவர் சட்டத்தின்படி, அரசு உத்தரவு ஒன்றின் பேரில் அடைக்கப்பட்டார்கள். குற்றத்துக்குச் சிறை சென்றவருக்கு விடுதலை நாள் தெரியும். இவர்களுக்கு அதுவும் தெரியாது. ஆகவே தடுப்புக்குக் கால வரம்பும் நீதிமன்ற மேற்பார்வையும் வேண்டும். அந்நியர் என்று நிரூபிக்கும் பொறுப்பும் அரசிடமே இருக்க வேண்டும். தானே கொடுக்காத பத்திரத்தைக் கேட்டு ஆளை அடைக்கும் அதிகாரம் எந்த அரசுக்கும் நியாயமாகாது.