வாய்க்கும் மைக்குக்கும் நடுவே

இசை கேட்பவர்களிடம் ராமநாதபுரம் என்று சொன்னால் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு குரல்கள் நினைவுக்கு வரும். ஒன்று, 1925-இல் இந்த மண்ணில், தாய்வழி ஊரில் பிறந்த 'இசைமுரசு' நாகூர் இ.எம். ஹனிபாவின் குரல். சந்தனக்கூடு மேடையோ கட்சி மாநாடோ, வெட்டவெளியின் கடைசி வரிசைவரை போய்ச் சேர்ந்த வெண்கலக் குரல் அது. மற்றது, இந்த ஊரின் பெயரையே தன் பெயரின் முன்னால் வைத்துக்கொண்ட கர்நாடக சங்கீத வித்வான் ராம்நாட் கிருஷ்ணனுடையது (1918–1973). மென்மையான சாரீரம், அவசரமில்லாத காலப்பிரமாணம். பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டிய பாட்டு.

இந்த இரண்டு வகைக் குரல்களும் ஒரே விழா மேடையில் அடுத்தடுத்துப் பாடுவதாக வைத்துக்கொள்வோம். ஒருவருக்குச் சரியாக வைத்த மைக் அடுத்தவருக்குச் சரிப்படாது. முன்னவருக்காக ஒலியளவைக் குறைத்து வைத்தால் பின்னவரின் கமகம் காணாமல் போகும். பின்னவருக்காகக் கூட்டி வைத்தால் முன்னவர் வாயைத் திறந்ததும் பதிவு பிளந்துவிடும்.

பல பாணிப் பாடகர்கள் கூடும் விழாக் கச்சேரியைப் பதிவு செய்கிறவர்களின் அடிப்படைச் சிக்கல் இதுதான். ராமநாதபுரம் கடற்கரையில் விழாக்களுக்குக் குறைவில்லை. ராமேஸ்வரத்தில் மகா சிவராத்திரி, ஏர்வாடி தர்காவில் சந்தனக்கூடு, ஓரியூரில் அருளானந்தர் திருவிழா, உத்தரகோசமங்கையில் ஆருத்ரா தரிசனம் என்று ஆண்டு முழுக்க ஏதாவது ஒன்று வரும். ஒவ்வொன்றுக்கும் உரிய பாட்டு முறை உண்டு. ராகம், தாளம், மொழி ஆகியவை ஒரு முறையை மற்றதிலிருந்து பிரித்துக் காட்டுகின்றன. இன்னொன்றும் பிரித்துக் காட்டுகிறது: அந்தக் குரல் எவ்வளவு தூரத்தில் இருப்பவருக்காகப் பாடிப் பழகியது என்பது. ஒலிப்பதிவாளரின் வேலையில் பெரும்பகுதி இந்தத் தூரங்களைச் சரிக்கட்டுவதுதான்.

உரத்த குரலுக்கு மட்டும் இடம்

மைக் வராத காலத்தில் இந்தச் சிக்கலுக்கு எளிய தீர்வு இருந்தது: உரக்கப் பாடத் தெரிந்தவரே பதிவானார். 1902-இல் ஒலிப்பதிவாளர் ஃப்ரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வந்து பாடகி கௌஹர் ஜானின் குரலைப் பதிவு செய்தபோது மின்சாரத்துக்கு வேலையே இல்லை. பெரிய கூம்புக் குழாய்க்கு முன் நின்று பாட வேண்டும். குரலின் அழுத்தமே குழாயின் கடைசியில் இருந்த தகட்டை அசைத்து, ஊசியை நகர்த்தி, மெழுகுத் தட்டில் கோடு கீறியது. மூன்று நிமிடத்துக்குள் பாட்டு முடிந்துவிட வேண்டும். மெல்லிய குரலால் அந்த ஊசியை நகர்த்த முடியாது.

1925-இல் மின் ஒலிப்பதிவு வந்தது. குரல் செய்ய வேண்டிய உடல் உழைப்பை மின்பெருக்கி ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவில் பிங் கிராஸ்பி போன்றோர் காதருகே பேசுவது போல மெல்லப் பாடிப் புகழ்பெற்றது இதனால்தான். ராம்நாட் கிருஷ்ணன் 1960-களில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். அவர் பாடிய இசைத்தட்டை 1968-இல் நான்சச் நிறுவனம் 'வித்வான்' என்ற பெயரில் வெளியிட்டது. அவரைப் போன்றவரின் நுணுக்கம் கடல் கடந்து போக முடிந்ததென்றால், அதற்கு நல்ல மைக்கும் காரணம்.

தமிழில் இரண்டு தூரங்கள் ஒரே பாட்டில் சந்தித்ததற்கு நல்ல உதாரணம் 1961-இல் வந்த 'பாவமன்னிப்பு' படம். விஸ்வநாதன் – ராமமூர்த்தி இசையில், கண்ணதாசன் எழுதிய 'எல்லோரும் கொண்டாடுவோம்' என்ற கொண்டாட்டப் பாட்டை டி.எம். சௌந்தரராஜனும் ஹனிபாவும் சேர்ந்து பாடினார்கள். ஒருவர் திரைப்பாடல் அரங்கில் வேரூன்றியவர். மற்றவர் திறந்தவெளி மேடையில் வளர்ந்தவர். அந்தக் காலத்துத் திரையிசைப் பதிவுகளில் பாடகர்கள், கோரஸ், வாத்தியக்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பாடி வாசித்து முடிக்க வேண்டும். தனியாகப் பாடி ஒட்டவைக்கும் வசதி இல்லை. யார் மைக்கிலிருந்து எத்தனை அடி தள்ளி நிற்பது என்பதிலேயே பாதி இசையமைப்பு முடிந்துவிடும்.

ஐந்து சென்டிமீட்டர் செய்யும் வேலை

திறந்த வெளியில் ஒலி மூலத்திலிருந்து தூரம் இரு மடங்கானால் ஒலியழுத்தம் பாதியாகும். அதாவது 6 டெசிபெல் குறையும். மைக்கிலிருந்து 5 சென்டிமீட்டரில் வாய் வைத்துப் பாடுகிறவர், தலையை இன்னும் 5 சென்டிமீட்டர் பின்னால் இழுத்தால் அழுத்தம் பாதியாகிவிடும். 50 சென்டிமீட்டர் தள்ளி நின்று பாடுகிறவர் அதே 5 சென்டிமீட்டர் நகர்ந்தால் பத்தில் ஒரு பங்குகூடக் குறையாது. உரத்த குரல்காரரைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துவதற்கு இது முதல் காரணம்: அவர் கையை வீசி, தலையை ஆட்டிப் பாடினாலும் பதிவு சீராக இருக்கும்.

இரண்டாவது காரணம், ஒருபக்க ஒலியை மட்டும் வாங்கும் மைக்குகளின் குணம். வாய் நெருங்க நெருங்க இவை குரலின் அடிப்பகுதியைக் கூட்டிக் காட்டும். மெல்லப் பாடுகிறவருக்கு அது கனத்தையும் நெருக்கத்தையும் தரும். கணீரென்று பாடுகிறவருக்கோ குரல் மந்தமாகிவிடும்.

தள்ளி நிறுத்துவதற்கு ஒரு விலை உண்டு. பக்கத்துத் தபேலாவும் ஆர்மோனியமும் அந்த மைக்கில் நுழைந்துவிடும். இதைக் குறைக்க ஒலிப்பதிவாளர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப்போல் குறைந்தது மூன்று மடங்கு தள்ளி அடுத்த மைக் இருக்க வேண்டும்.

மைக்கிலும் வகை உண்டு. டைனமிக் மைக்கில் மெல்லிய சவ்வோடு ஒட்டிய கம்பிச்சுருள் காந்தப்புலத்தில் அசைந்து மின்னோட்டம் உண்டாக்குகிறது. கீழே விழுந்தாலும் தாங்கும்; உரத்த குரலுக்கும் அசராது. கண்டென்சர் மைக்கில் சவ்வுக்கும் அதன் பின்னுள்ள தகட்டுக்கும் இடையே மிகச் சிறிய இடைவெளிதான் இருக்கும். அது இயங்கத் தேவையான மின்சாரம், பெரும்பாலும் 48 வோல்ட், ஒலியைக் கொண்டுவரும் அதே கேபிள் வழியாகப் போகும். மூச்சும் கமகமும் நுணுக்கமாகப் பதியும். ஓதுவாருக்கும் கர்நாடகப் பாடகருக்கும் இதைத்தான் பலர் விரும்புவார்கள்.

ஓதுவார் விஷயத்தில் இன்னொரு நுட்பம் உண்டு. ராமேஸ்வரம் தேவாரப் பாடல் பெற்ற தலம். அங்கே மூன்றாம் பிராகாரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல் தூண்கள் நிற்கின்றன. கல் ஒலியை விழுங்காமல் திருப்பி அனுப்புவதால் ஒவ்வொரு அசையும் வால் நீண்டு ஒலிக்கும். அப்படிப்பட்ட மண்டபத்தில் பாடிப் பழகியவர் சொல்லுக்குச் சொல் இடம்விட்டுப் பாடுவார். திறந்த மேடையில் அவர் பாட்டு வறண்டு கேட்கும். எனவே மிக்ஸிங்கின்போது அவர் குரல் பதிவான தடத்துக்கு மட்டும் கொஞ்சம் எதிரொலி சேர்ப்பார்கள். நாட்டுப்புறப் பாடகருக்கும் அதையே சேர்த்தால் துடிப்பான தாளம் குழம்பிப் போகும்.

காற்றும் உப்பும்

இந்தக் கரையில் ஒலிப்பதிவாளருக்கு முதல் எதிரி காற்று. மைக் சவ்வைக் காற்று நேரடியாகத் தள்ளும்போது 'தொம் தொம்' என்ற கீழ் ஒலி பதிவாகும். பஞ்சு உறை ஓரளவு காக்கும். பலத்த காற்றுக்கு ரோமம் போர்த்திய உறை வேண்டும். அதோடு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியைக் குரல் மைக்குகளில் வெட்டிவிடுவார்கள். தவிலுக்கும் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்துக்கும் அந்த வெட்டு ஆகாது. அவற்றின் கனமே கீழ்ப்பகுதியில்தான் இருக்கிறது.

அடுத்த எதிரி உப்பும் ஈரமும். கேபிள் முனைகளில் துரு ஏறினால் கரகரப்பு வரும். கண்டென்சர் மைக்கின் சிறு இடைவெளியில் ஈரம் படிந்தால் மின்னூட்டம் கசிந்து படபடவென்று சத்தம் கேட்கும். வேலை முடிந்ததும் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிவைப்பது இங்கே அன்றாடக் கடமை.

தனித்தனித் தடம்

இப்போதைய பதிவுக் கருவிகள் ஒவ்வொரு மைக்கையும் தனித்தடமாகச் சேமிக்கின்றன. பழைய 16 பிட் குறுவட்டு முறையில் மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே கோட்பாட்டளவில் ஏறத்தாழ 96 டெசிபெல் இடம். 24 பிட்டில் அது 144. எனவே ஒலியளவை உச்சத்துக்கு ஏற்ற வேண்டிய அவசியமில்லை. பால் காய்ச்சும்போது பாத்திரத்தின் மேல்பகுதியைக் காலியாக விடுவது போல, உச்சத்துக்குக் கீழே 12 டெசிபெல் அளவுக்கு இடம் விட்டுப் பதிவு செய்வார்கள். இந்த டிஜிட்டல் முறைகளில் எல்லையைத் தாண்டிய ஒலி உடைந்தே பதிவாகும். பிறகு அதை ஒழுங்காக மீட்க முடியாது.

கைதட்டலுக்கும் குலவைக்கும் கூட்டத்துக்குள் தனி மைக் வைப்பார்கள். நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். மேடையிலிருந்து 35 மீட்டர் தள்ளி வைத்த மைக்குக்குப் பாட்டு நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதமாக வந்துசேரும். அதை அப்படியே கலந்தால் தாளம் இரட்டித்துக் கேட்கும். கணினியில் அந்தத் தடத்தை முன்னால் நகர்த்தினால் சரியாகும்.

எல்லோரும் சேர்ந்து பாடும் கடைசிப் பாட்டில் சுருதிச் சிக்கல் வரும். ஆண் பாடகர் 1 கட்டையிலும் பெண் பாடகர் 5 கட்டையிலும் பாடிப் பழகியிருந்தால் இருவருக்கும் பொதுவான சுருதியை முன்பே பேசி வைக்க வேண்டும். மென்பொருளால் பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று விட்டால் வேறு விபரீதம் நேரும். சுருதி திருத்தும் மென்பொருள் குரலைப் பக்கத்து ஸ்வரத்தில் கொண்டுபோய் நிறுத்தப் பார்க்கும். கமகமோ ஸ்வரங்களுக்கு நடுவே வாழ்வது. கவனமில்லாமல் பயன்படுத்தினால், திருத்துவதற்குப் பதிலாக அது பாட்டையே வெட்டிவிடும்.

யார், எங்கே கேட்கிறார்கள்?

தடங்களைச் சேர்த்து எடுக்கும் இறுதிக் கலவை எப்படி இருக்க வேண்டும் என்பது, அதைக் கேட்கும் இடத்தையும் பொறுத்தது. பாம்பனில் மீனவர்களுக்காக 90.4 மெகாஹெர்ட்ஸில் 'கடல் ஓசை' என்ற சமுதாய வானொலி இயங்குகிறது. படகு எஞ்சின் சத்தத்துக்கு நடுவே சின்ன ரேடியோவில் கேட்கிறவருக்கு மெல்லிய ஆலாபனை எட்டாது. வானொலிக்குப் போகும் கலவையில் மெல்லிய பகுதியைத் தூக்கி, உரத்த பகுதியை அடக்கியே தர வேண்டும். வீட்டில் ஹெட்போனில் கேட்பவருக்கோ அந்த ஏற்ற இறக்கம்தான் ருசி. தனித்தடங்கள் இருந்தால் ஒரே கச்சேரியிலிருந்து இரண்டு கலவைகளையும் எடுக்கலாம்.

1980-களில் ஊர் ஊராகப் பதிவான விழாக் கேசட்டுகளில் பெரும்பாலும் இந்த வாய்ப்பு இல்லை. மிக்ஸரிலிருந்து வந்த கலவை எப்படியோ அப்படியே நின்றுவிட்டது. அமுங்கிப்போன குரலை இனி மேலே கொண்டுவர வழியில்லை. இன்று விழாக்குழுவினர் செய்யக்கூடிய செலவு குறைந்த வேலை ஒன்று உண்டு. முடிந்த கலவையோடு நிறுத்திக்கொள்ளாமல், மூலத் தடங்களையும் ஒலிப்பதிவாளரிடம் கேட்டு வாங்கி, எந்தத் தடத்தில் யார், என்ன சுருதி, எந்தத் தேதி என்று எழுதி, இரண்டு வெவ்வேறு இடங்களில் வைக்க வேண்டும். பாடியவர்களின் பெயர் மறந்த பதிவுகள் நம்மிடம் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன.