கிண்ணத்துக்குள் ஒரு வெள்ளாமை!
தொப்புளைச் சுற்றிப் போட்ட 14 ஊசி ஒழிந்த கதை

கோவில்பட்டிப் பக்கம் வெள்ளாமை என்றால் பருத்தி, கம்பு, சோளம், உளுந்து. ஐப்பசி மழை பெய்தால் கரிசல் மண்ணில் விதை முளைக்கும். மழை பொய்த்தால் எல்லாம் போயிற்று.

விஞ்ஞானிகளும் ஒரு வெள்ளாமை செய்கிறார்கள். அதற்கு மண் வேண்டாம், மழை வேண்டாம். உள்ளங்கை அகலமுள்ள கிண்ணம்தான் வயல்! அதில் வளருவது பயிர் அல்ல, உயிர் அணுக்கள்!

விதை எது?

வீட்டுக்குச் செங்கல் போல, உடம்புக்கு உயிர் அணு. மனிதனுக்கும் அப்படித்தான், சுண்டெலிக்கும் அப்படித்தான். அணுக்கள் வெறும் கண்ணுக்குத் தெரியாது. மைக்ராஸ்கோப்பில் பார்க்கவேண்டும்.

சுண்டெலியின் மூளையை மூன்று சவ்வுகள் போர்த்தி இருக்கின்றன. நம் மூளைக்கும் அதே மூன்று சவ்வுகள் உண்டு. எலியின் சவ்வில் சிறு துணுக்கை எடுத்து, அதிலுள்ள அணுக்களைத் தனித்தனியாகப் பிரிக்கிறார்கள். அதுதான் விதை. சர்க்கரையும் உப்பும் சத்துப் பொருள்களும் கலந்த நீர்தான் உரம். கிண்ணத்தை 37 டிகிரி சூடுள்ள பெட்டிக்குள் வைக்கிறார்கள். அது நம் உடம்பின் சூடு. வெளிக் கிருமி புகுந்தால் வெள்ளாமை பாழ்!

ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். சில நாட்களில் கிண்ணத்தின் அடி முழுவதும் அணுக்கள் பரவிவிடும். நாம் விதையைக் குதிரில் வைப்பது போல, மிச்ச அணுக்களைத் திரவ நைட்ரஜனில் உறைய வைத்து ஆண்டுக்கணக்கில் காப்பாற்றுகிறார்கள். அங்கே பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி குளிர்!

மூளைச் சவ்வில் கிருமி பட்டால் என்ன ஆகும்? மூளைக் காயம் எப்படி ஆறுகிறது? இதையெல்லாம் கிண்ணத்தில் வைத்தே ஆராயலாம்.

நமக்கு என்ன லாபம்?

"எலியின் சவ்வை வளர்த்தால் எங்களுக்கு என்ன?" என்று கேட்பீர்கள். இதே வெள்ளாமைதான் நாய்க்கடி வைத்தியத்தையே மாற்றியது.

1885-ம் ஆண்டு ஜூலை 6-ந் தேதி. வெறிநாய் கடித்த 9 வயதுச் சிறுவன் ஜோசப் மைஸ்டரைப் பாரிஸ் நகருக்குக் கொண்டுவந்தார்கள். நோய் கண்ட முயலின் முதுகுத் தண்டை உலர்த்தி, அதில் மருந்து செய்திருந்தார் லூயி பாஸ்டர். அந்த மருந்தை ஊசியாகப் போட்டார்கள். சிறுவன் பிழைத்தான்!

நம் நீலகிரியில், குன்னூரில், 1907-ம் ஆண்டு பாஸ்டர் நிலையம் ஏற்பட்டது. 1911-ல் வடக்கே கசௌலியில் டேவிட் செம்பிள் என்ற டாக்டர் புதிய முறை ஒன்றைக் கண்டார். அந்த முறைப்படி நம் நாட்டில் ஆட்டு மூளையில் மருந்து செய்தார்கள். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று தாத்தா பாட்டிமார் சொல்வது அதைத்தான்.

அந்த மருந்து எத்தனையோ உயிர்களைக் காத்தது. ஆனால் ஆபத்தும் இருந்தது. மருந்தோடு ஆட்டு மூளையின் துகளும் உள்ளே போகும். உடம்பு அதை எதிர்த்துக் கிளம்பும். சிலருக்கு அந்த எதிர்ப்பு சொந்த மூளையையும் நரம்பையுமே தாக்கிவிடும். கை கால் விளங்காமல் போனவர்கள் உண்டு. இறந்தவர்களும் உண்டு.

மூளையே வேண்டாம்!

1962-ல் ஜப்பானில், சிபா பல்கலைக்கழகத்தில், ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரக அணுக்களைக் கிண்ணத்தில் வளர்த்தார்கள். "வெரோ" என்று அவற்றுக்குப் பெயர். அந்த வம்சம் இன்றும் வளர்கிறது! வெறிநோய்க் கிருமியை அந்த அணுக்களில் வளர்த்து, கொன்று, சுத்தம் செய்தால் மருந்து தயார். அதில் மூளைத் துகள் இல்லை. குன்னூரிலும் இந்த முறையில் மருந்து செய்தார்கள். 2004-ம் ஆண்டு முடிவோடு ஆட்டு மூளை மருந்து இந்தியாவில் நின்றது.

இப்போது வயிற்றில் ஊசி இல்லை. அரசு ஆஸ்பத்திரியில் கைத் தோலில் போடுகிறார்கள். காசு கிடையாது. முதல் ஊசி அன்றே. அந்த நாளிலிருந்து 3, 7, 28-ம் நாட்களில் மற்றவை. ரத்தம் வந்த காயமானால், காயத்தைச் சுற்றி வேறொரு மருந்தும் போடவேண்டும்.

தாய்மார்களே, கவனியுங்கள்!

நாய் கடித்தால் மிளகாயோ, மஞ்சளோ, சுண்ணாம்போ வைக்காதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒரு ஊசியையும் விடாதீர்கள். நோய் வெளிப்பட்ட பிறகு பிழைப்பது மிக மிக அரிது.

ஊசிக்குப் பயந்து நாய்க்கடியை மறைக்கும் பிள்ளைகள் உண்டு. அவர்களைத் திட்டாதீர்கள். 14 ஊசியின் காலம் போய்விட்டது என்று இன்றே சொல்லி வையுங்கள். அந்த ஒரு சொல் ஒரு பிள்ளையைக் காப்பாற்றும்!