கடவுளரும் நகைச்சுவையும்

திருச்சிராப்பள்ளி மலைமேல் எழுந்தருளியுள்ள சிவபெருமானுக்குத் தாயுமானவர் என்பது திருப்பெயர். காவிரி வெள்ளத்தால் தாய் வந்துசேர இயலாதபோது, கருவுற்ற மகளுக்கு அத்தாயின் வடிவில் வந்து இறைவனே மகப்பேறு பார்த்தான் என்பது தலபுராணம். மதுரையிலோ, வந்தி என்னும் மூதாட்டிக்காகப் பிட்டைக் கூலியாகப் பெற்று மண் சுமந்தான். பாண்டியனிடம் பிரம்படியும் பட்டான். அவ்வடி எல்லா உயிர்கள்மேலும் பட்டது என்பர். இறைவன் மனிதருள் ஒருவனாய் வருதல் நமக்குப் பழகிய செய்தியேயாம்.

யவனர் இத்தகைய கற்பனையில் நகைச்சுவையைத் தாராளமாகக் கலந்தனர். அரிஸ்டோபனீஸ் இயற்றிய 'தவளைகள்' என்னும் நாடகம் கி.மு. 405-இல் ஏதென்சு நகரில் நடிக்கப்பெற்றது. அதில் டயோனிசஸ் என்னும் நாடகத் தெய்வம், இறந்துபோன நல்ல கவிஞன் ஒருவனை மீட்டுவரத் தன் அடிமையுடன் கீழுலகம் செல்கிறது. இருவருள் தெய்வம் யார் என்று அறிய, அங்குள்ளோர் இருவரையும் மாறிமாறி அடிக்கின்றனர். தெய்வமாயின் வலி தெரியாதன்றோ! இருவருக்கும் வலிக்கிறது, அதனை மறைக்க இருவரும் படும் பாடோ பெரிது. இந்நாடகம் அத்தெய்வத்திற்குரிய விழாவிலேயே நடந்தது என்பது வியப்பிற்குரியது.

தமிழில் இத்துறையில் தலைசிறந்து நிற்பது, புதுமைப்பித்தன் (1906-1948) 1943-இல் எழுதிய 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' என்னும் சிறுகதை. சென்னைத் தெருவில் கடவுள் ஒரு கிழவராய்த் தோன்றித் திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார். கேட்கப்பட்ட பிள்ளை சித்த வைத்திய இதழ் நடத்துபவர். அவர் அஞ்சவுமில்லை, காலில் விழவுமில்லை. காப்பி அருந்த அழைத்துச் செல்கிறார்; வரம் ஒன்றும் வேண்டா என்கிறார்; தம் இதழுக்கு ஆயுட்சந்தா மட்டும் கேட்கிறார். ஆயுளுக்கு எல்லையில்லாதவரிடம் ஆயுட்சந்தா!

பிள்ளையின் சிறுமகள் வள்ளிக்கோ அவர் விளையாட ஒரு தாத்தா, அவ்வளவே. பிழைப்பிற்கு வழி தேடிக் கடவுள் தேவியுடன் நடனமாடச் செல்கிறார். உண்மைப் பாம்பையும் புலித்தோலையும் கண்ட தலைவருக்குச் சினம் மூளுகிறது. பாம்புபோல் அணிகலனும் புலித்தோல்போல் பட்டும் அணிவதே கலை என்பது அவர் தீர்ப்பு. சிரிப்பு இங்கே கடவுளைச் சுடவில்லை. போலியை மெய்யினும் மேலாக மதிப்பவரையே சுடுகிறது. பிள்ளைப்பேறு பார்த்தவருக்கும் மண் சுமந்தவருக்கும் அம்மாநகரில் ஒரு வேலை கிடைக்கவில்லை. எட்ட இருந்து அருள் செய்யலாம், மனிதரோடு கூடிக் குடித்தனம் நடத்தல் ஆகாது என்று கூறிக் கடவுள் அகன்றுவிடுகிறார்.