உங்களுக்குத் தெரியுமா? அகலம் கூடினால் பலகை உயர்ந்ததாகிவிடாது

பனிச்சறுக்குப் பலகையின் குணத்தைப் பெரிதும் தீர்மானிப்பது, காலடியில் வரும் அதன் 'இடுப்பு' அகலம்தான். ஸ்லாலம் பந்தயப் பலகைக்கு அது சுமார் 65 மில்லிமீட்டர். ஆழ்பனிப் பலகைக்கு 110-ஐயும் தாண்டும். மலை முழுவதற்கும் ஏற்றவையாக விற்கப்படும் 'ஆல்-மவுண்டன்' பலகைகள் பெரும்பாலும் 85-க்கும் 100-க்கும் இடையே நிற்கின்றன. தேர்ச்சி கூடினால் அகலமும் கூட வேண்டும் என்ற எண்ணம் (கடைக்காரருக்கு இனிப்பான எண்ணம்) சரியல்ல. இறுகிய பனியில் அகலப் பலகையை ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்புக்குச் சாய்க்கக் கூடுதல் நேரமாகும், முழங்காலும் கூடுதலாக உழைக்கும். குறுகியது ஆழ்பனியில் புதைந்துவிடாதா? ஓரளவு புதையும்தான். ஆனால் மிதப்பைத் தருவது இடுப்பு மட்டுமல்ல. நீளமும், முனையை மேல்நோக்கி வளைக்கும் 'ராக்கர்' அமைப்பும் கைகொடுக்கின்றன. எனவே, அமெரிக்காவில் இறுகிய பனி மிகுந்த வெர்மான்ட் மாநிலச் சரிவுகளுக்கு 85-ஐ ஒட்டியதும், யூட்டா மாநிலத்தின் பொடிப்பனிக்கு 100-ஐ ஒட்டியதுமே பொருத்தம்.