முகில்வழி வலையமைப்பும் கண்காணிப்புப் பலகையும்

“டாஷ்போட்” என்னும் சொல் இன்று கணினித் துறையிலே பெரிதும் வழங்கி வருகின்றது. இச்சொல் கணினிக்கு முற்பட்டது. மோட்டோர் வண்டிக்கும் முற்பட்டது. குதிரை வண்டிகள் ஓடிய காலத்தில், குதிரையின் குளம்புகள் எற்றும் சேறு வண்டியோட்டியின்மேற் படாவண்ணம் அவன் முன்னே ஒரு பலகை நிறுத்தப்பட்டிருந்தது. அப்பலகைக்கே இப்பெயர் முதலில் உரியதாயிற்று. பின்னர் மோட்டோர் வண்டி தோன்றியபோது, அவ்விடத்தில் வேகத்தையும் எரிபொருளின் அளவையும் காட்டும் கருவிகள் அமைந்தன, பெயர் மாறவில்லை. இன்று வலையமைப்பொன்றின் நிலையைத் திரையிலே காட்டும் கண்காணிப்புப் பலகையும் அப்பெயரையே தாங்கி நிற்கின்றது. மறைப்பதற்கெனப் பிறந்த பலகை, காட்டும் பலகையாயிற்று. ஆயினும் மறைக்கும் பழைய குணம் அதனை முற்றாக விட்டு நீங்கவில்லை என்பதே இக்கட்டுரையிற் கூற விழையும் பொருளாகும்.

எமது பழைய மாணவருள் இத்துறையிற் பணிபுரிவோர் உளர். இன்று வகுப்பறையில் இருப்போருட் சிலரும் நாளை இதனைச் சேர்வர். ஏனையோரும் வங்கியிலும் வைத்தியசாலையிலும் தபாலகத்திலும் நாள்தோறும் இதன் பயனை நுகர்பவரே. ஆதலின் முதற்கண் பொருளை விளக்குவாம்.

ஒரு கட்டிடத்தினுள் இருக்கும் கணினிகளைப் பிணைப்பது இடத்துரி வலையமைப்பு. ஊர்களையும் நாடுகளையும் கடந்து பணிமனைகளைப் பிணைப்பது பரந்த பரப்பு வலையமைப்பு. முன்னர், பல கிளைகளையுடைய நிறுவனம் ஒவ்வொரு கிளையிலிருந்தும் தலைமை அலுவலகம் வரை தொலைத்தொடர்பு இணைப்புக்களை வாடகைக்குப் பெற்றது. கிளையிலிருந்து எங்கே செல்வதாயினும் செய்தி தலைமை அலுவலகத்தைச் சுற்றியே சென்றது. முகில்வழி அமைப்பிலோ ஒவ்வொரு கிளையும் தனக்கு அண்மையிலுள்ள முகில் நிறுவனத்தின் வாயிலை மறைகுறியிட்ட சுரங்கப் பாதை ஒன்றினால் அடைகின்றது. வாயிலுக்கும் வாயிலுக்கும் இடையில் அந்நிறுவனத்தின் ஒளியிழை வடங்கள் செய்தியைச் சுமக்கின்றன. எக்கிளை எதனோடு பேசலாம், எது எதனோடு பேசலாகாது என்னும் விதிகள் யாவும் ஓரிடத்திலேயே எழுதப்படுகின்றன. 2021 இல் அறிவிக்கப்பட்டு 2022 இற் பொதுப் பாவனைக்கு வந்த அமேசன் நிறுவனத்தின் “கிளவுட் வான்” இவ்வகையினது.

இவ்வமைப்பில் இலாபம் பெரிது; ஆனால் ஒன்றை இழந்தோம். முன்னர், பழுது நேர்ந்தால் வடத்தைத் தொட்டுப் பார்க்கலாம். றூற்றரின் விளக்கு எரிகின்றதா என நோக்கலாம். இன்று வடமும் றூற்றரும் பிறருடையவை. அவை எங்கே இருக்கின்றன என்பதையும் நாம் அறியோம். நமக்கு எஞ்சியிருக்கும் கண் கண்காணிப்புப் பலகை ஒன்றே. ஒரே கண்ணை உடையவன் அக்கண்ணின் குறைகளை நன்கு அறிந்திருத்தல் வேண்டுமன்றோ?

பலகையிலே காணப்படுவன யாவை? தேசப்படத்தில் வாயில்களும் கிளைகளும் புள்ளிகளாய் நிற்கும். எது எதனோடு பிணைக்கப்பட்டுளது என்பது கிளைவிட்ட மரம்போல வரையப்பட்டிருக்கும். ஒவ்வோர் இணைப்பின் வழியும் எவ்வளவு செய்தி சென்றது, எத்தனை பொதிகள் வழி தெரியாமற் கைவிடப்பட்டன என்பன வரைபுகளாய்த் தோன்றும். இணைப்பு அறுந்தமையும் வழி மாறியமையும் நேரக் குறிப்புடன் நிரலாய் எழுதப்படும். கூகுள் நிறுவனப் பொறியியலாளர் 2016 இல் வெளியிட்ட நூலொன்றில், தாமதம், போக்குவரத்து, பிழை, நிரம்பல் என்னும் நான்கினையும் பொற்குறிகள் எனப் பெயரிட்டு, வேறெதனையும் அளக்க இயலாவிடினும் இவற்றையேனும் அளக்க என்றனர். அது நல்லுரையே.

இவற்றுள் தாமதம் இயற்கையின் எல்லைக்கு உட்பட்டது. ஒளியிழையில் ஒளி செக்கனுக்கு ஏறக்குறைய 2 இலட்சம் கிலோமீற்றர் செல்லும். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் ஏறக்குறைய 2,700 கிலோமீற்றர். ஆகவே, சென்று திரும்புதற்கு 27 மில்லிசெக்கன் வரை வேண்டும். வடம் வளைந்து செல்வதால் உண்மையில் அதனினும் கூடும். இவ்வெல்லையை அறிந்தவன் 40 மில்லிசெக்கனைக் கண்டு கலங்கான். 300 மில்லிசெக்கனைக் கண்டு வாளா இரான். எது இயல்பு என்பதை முன்னரே அறியாதவனுக்கு எவ்வரைபும் வெறுங் கோடே.

இனி, பலகை மறைக்குமாற்றினைக் கூறுவாம். இதனை யான் நூலிற் கற்றிலேன். என் பிழையினாற் கற்றேன்.

பல ஆண்டுகளுக்கு முன் கொழும்பிலுள்ள ஒரு நிறுவனத்தில் யான் வலையமைப்பைக் கண்காணித்து வந்தேன். மாதக் கடைசி நாள் ஒன்றிலே, தொலைவிலுள்ள ஒரு கிளையிலிருந்து முதிய எழுதுவினைஞர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். தொழிலாளரின் சம்பளப் பட்டியல் போய்ச் சேரவில்லை என்றார். யான் பலகையைப் பார்த்தேன்; அக்கிளையின் விளக்கு பச்சையாக ஒளிர்ந்தது. “ஐயா, இணைப்பு நன்றாகவே இருக்கின்றது, உங்கள் கணினியைப் பாருங்கள்” என்றேன். அவர் மூன்று முறை அழைத்தார். மூன்று முறையும் அதனையே கூறினேன். இறுதியில் அவர், “தம்பி, உங்கள் பலகை பச்சையாக இருக்கலாம். இங்கே ஐம்பது பேர் வாசலிலே நிற்கிறார்கள்” என்றார். அன்று அவர்களுக்குச் சம்பளம் கிடைக்கவில்லை.

காரணம் மறுநாளே தெரிந்தது. பலகை, சில செக்கன்களுக்கு ஒருமுறை சிறிய பொதி ஒன்றை அக்கிளைக்கு அனுப்பி, விடை வந்தால் பச்சை விளக்கை ஏற்றும். அப்பொதி நூறு பைற்றுக்கும் உட்பட்டது. சம்பளப் பட்டியலோ 1,500 பைற்றுப் பொதிகளாய்ப் பிரிந்து சென்றது. மறைகுறியிட்ட சுரங்கப் பாதையிற் செல்லும்போது ஒவ்வொரு பொதியும் இன்னோர் உறையினுள் இடப்படும். உறையுடன் சேர்ந்த பெரும்பொதி 1,500 என்னும் எல்லையைக் கடந்துவிட்டது. அத்தகைய பொதியைக் கைவிடும் றூற்றர், “பொதி பெரிது, சிறிதாக்கி அனுப்புக” என அனுப்பியவருக்கு அறிவித்தல் மரபு. அவ்வறிவித்தலை இடைவழியிலிருந்த பாதுகாப்புக் கருவி தடுத்துவிட்டது. ஆதலால் கிளையின் கணினி அதே பெரும்பொதியை மீண்டும் மீண்டும் அனுப்பிக்கொண்டே இருந்தது. சிறுபொதி சென்றது; பெரும்பொதி செல்லவில்லை. பலகை பொய் கூறவில்லை. “சிறுபொதி செல்லுமா?” எனக் கேட்டோம், “செல்லும்” என்றது. “சம்பளப் பட்டியல் செல்லுமா?” என நாம் கேட்கவேயில்லை.

பலகை மறைக்கும் இரண்டாவது வழி சராசரி. ஓர் இணைப்பு 5 நிமிடத்துக்கு ஒருமுறை அளக்கப்படுகின்றது எனக் கொள்வோம். அந்த 300 செக்கனில் 15 செக்கன் இணைப்பு முற்றாக நிரம்பி, எஞ்சிய 285 செக்கனில் நூற்றுக்கு 20 பங்கே நிரம்பியிருந்தால், பலகை காட்டுவது நூற்றுக்கு 24. காண்பவர் இடம் தாராளமாக உளதென எண்ணுவர். அந்த 15 செக்கனிலே தொலைபேசியிற் பேசியவர்க்கோ சொல் சொல்லாய் அறுந்திருக்கும். தாமதமும் அவ்வாறே. நூறு அளவைகளுள் 95 அளவைகள் 40 மில்லிசெக்கனும், 5 அளவைகள் 2,000 மில்லிசெக்கனும் ஆயின், சராசரி 138. அத்தாமதத்தை நுகர்ந்தவர் ஒருவரேனும் இலர். வகுப்பின் சராசரிப் புள்ளியைக் கொண்டு சித்தியெய்தாத மாணவனை அறிய முடியாது என்பதை ஆசிரியர்கள் நன்கறிவர். ஆகவே, சராசரியுடன், நூற்றுள் இறுதி ஐவரும் இறுதி ஒருவரும் நுகர்ந்த தாமதத்தையும் பலகை காட்டல் வேண்டும்.

காலம் செல்லச் செல்லவும் விவரம் தேயும். அமேசன் நிறுவனத்தின் “கிளவுட்வாச்” என்னும் அளவைச் சேவை, நிமிட அளவைகளை 15 நாளும், 5 நிமிட அளவைகளை 63 நாளும், மணி அளவைகளை 455 நாளும் வைத்திருக்கும். இரண்டு மாதத்தின் பின்னர் பழுதை ஆராயப் புகுவோன் அந்த 15 செக்கனைக் காணமாட்டான். பழுது நேர்ந்த அன்றே சான்றுகளைப் படியெடுத்து வைத்தல் அறிவுடைமை.

மூன்றாவது வழி மிகவும் அபாயமானது. பலகை தான் கண்காணிக்கும் பொருளின்மேலேயே தங்கி நிற்பது. 2017 பெப்ரவரி 28 ஆம் நாள், அமெரிக்காவின் வட வேர்ஜீனியாவிலுள்ள அமேசன் நிறுவனத்தின் சேமிப்புச் சேவையில், பிழையாக இடப்பட்ட கட்டளை ஒன்றினால் எண்ணியதிலும் அதிகமான சேவையகங்கள் அகற்றப்பட்டன. காலை 9.37 மணிக்குத் தொடங்கிய அப்பழுது பிற்பகல் 1.54 மணிக்கே முற்றாகத் தீர்ந்தது. சேவைகளின் நிலையை உலகுக்கு அறிவிக்கும் பலகையை மாற்றியமைக்கும் கருவியும் அதே சேமிப்புச் சேவையிற் தங்கியிருந்தது. அதனால், 11.37 மணி வரை, அப்பலகையில் ஒவ்வொரு சேவைக்குமுரிய நிலையை மாற்ற இயலவில்லை என்று அந்நிறுவனமே பின்னர் அறிக்கையிட்டது. வீடு பற்றி எரிய, எச்சரிக்கை மணியின் கயிறும் உடன் எரிந்த கதை இது.

2022 யூலை 8 ஆம் நாள் கனடாவிலே, றோஜர்ஸ் நிறுவனத்தின் வலையமைப்பு வீழ்ந்து, ஒரு கோடி 20 இலட்சத்துக்கு மேற்பட்ட வாடிக்கையாளர் தொடர்பிழந்தனர். அவசர உதவிக்கான அழைப்புக்களும் தடைப்பட்டன. றூற்றர்களைச் சென்றடைவதற்குப் பொறியியலாளருக்கு இருந்த முகாமை வலையமைப்பும் அதே மைய வலையமைப்பின்மேல் ஓடியமையால், நோயைத் தீர்க்க வேண்டியவரே நோயாளியின் அறைக்குள் நுழைய இயலாது நின்றனர். கண்ணும் கையும், கண்காணிக்கப்படும் வலையமைப்பிற்குப் புறம்பாக வேறு வழியில் அமைதல் வேண்டும் என்பதற்கு இவ்விரண்டும் போதிய சான்றாம்.

மற்றுமொரு நிகழ்ச்சி. 2023 சனவரி 25 ஆம் நாள் மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் பரந்த பரப்பு வலையமைப்பில், றூற்றர் ஒன்றின் முகவரியை மாற்றுதற்கு இட்ட கட்டளை, ஏனைய றூற்றர்கள் யாவும் தம் வழிகளை மீளக் கணிக்குமாறு செய்துவிட்டது. பல நாடுகளிலே சேவைகள் குலைந்தன. ஒரு முகவரி மாற்றம் உலகளாவிய குலைவாகலாம் என்றால், பலகையில் வரைபு மட்டும் இருத்தல் போதாது. எவர், எப்பொழுது, எதனை மாற்றினர் என்னும் குறிப்பும் அவ்வரைபின் அருகிலேயே இருத்தல் வேண்டும். “சற்று முன் மாறியது யாது?” என்பதே பழுது நேர்ந்தவிடத்து முதலிற் கேட்கத்தக்க வினா.

இவற்றால் நாம் கொள்ளத்தக்கன சில. முதலாவது, அளவை பாவனையாளரின் இடத்திலிருந்து, அவர் செய்யும் வேலையைக் கொண்டே எடுக்கப்படுக. இரண்டாவது, சராசரியுடன் அமையாது மிகவும் துன்புற்றோரின் அளவையும் காட்டப்படுக. மூன்றாவது, பலகைக்கும் பழுது நீக்குவோர்க்கும் தனிவழி இருக்க. நான்காவது, அளவை வராது நின்றால் அது பச்சையெனக் காட்டப்படலாகாது. மௌனம் நலத்துக்கு அறிகுறியன்று. ஐந்தாவது, ஒவ்வொரு சிவப்பு விளக்குக்கும் அதனைக் கண்டு செயற்படுவோர் ஒருவர் குறிக்கப்படுக. எவரும் செயற்படாத விளக்குக்கள் பலகையை நிறைப்பின், செயற்பட வேண்டிய விளக்கும் அவற்றுள் மறைந்துவிடும்.

கருவிகள் மாறும். இன்றைய பலகைகள் பல, எழுதி வைத்த எல்லைகளைக் கடந்து, இயல்புக்கு மாறானதைத் தாமே இனங்காணவும் முயல்கின்றன. ஆயினும் எவ்வினாவை அதனிடம் கேட்பது என்னும் பொறுப்பு மனிதனுக்கே உரியது. அந்த எழுதுவினைஞர் இளைப்பாறிப் பல ஆண்டுகள் ஆயின. அவர் கூறிய “ஐம்பது பேர்” என்னுஞ் சொல் இன்றும் என் செவியில் ஒலிக்கின்றது. அன்று தொட்டு, பலகை பச்சையாயிருக்க ஒருவர் குறை கூறுவாராயின், குறை கூறுபவரை நம்பிப் பலகையை ஐயுறுதலையே யான் வழக்கமாகக் கொண்டுள்ளேன். இத்துறையிற் புகவிருக்கும் இளைய மாணவர்க்கு யான் கூறக்கூடியதும் அதுவே.