குன்றைக் கட்டிய கைகள்

மாத்தளை மாவட்டத்திலே, சமவெளியின் நடுவே, ஏறத்தாழ 180 மீட்டர் உயரத்துக்குத் தனித்து எழுந்து நிற்கும் சீகிரியாக் குன்றை நேயர்களிற் பலர் ஏறிப் பார்த்திருப்பீர்கள். அங்குள்ள மாளிகையைக் கட்டியவர் யார் என மாணவரை வினவினால், "காசியப்ப மன்னன்" என்று விடை வரும். பரீட்சைக்கு அவ்விடை போதும். ஆயினும், கி.பி. 477 முதல் 495 வரை ஆண்ட அம்மன்னன் ஒரு செங்கல்லையேனும் தன் கையால் வைத்திருப்பானா? வைத்த கைகள் எவ்வாறு ஒன்றுபட்டன என்பதையே இன்று சிந்திக்க விரும்புகின்றேன்.

முதலிற் கண்ணாடிச் சுவரை எடுத்துக்கொள்வோம். குன்றின் மேற்குப் புறத்திலே செங்குத்தான பாறையை ஒட்டிச் செல்லும் செங்கற் சுவர் அது. சரிந்த பாறையிற் செங்கல் தானாக நில்லாது. கற்றச்சன் பாறையிலே படி வெட்டிக் கொடுத்த பின்னரே கொத்தன் செங்கல் அடுக்க இயலும். கொத்தன் சுவரைச் செவ்வையாக எழுப்பினாலன்றிச் சுண்ணச் சாந்து பூசுபவன் அதனைக் கண்ணாடிபோல் மெருகிட இயலாது. ஒருவன் பிழை அடுத்தவன் தலையில் விழும். அவர்கள் வேலை எத்துணை உறுதியானது என்பதற்கு, பிற்காலத்தவர் அச்சுவரிற் கீறிச் சென்ற பாடல்களே சான்று. அவற்றுள் 685 பாடல்களைப் பேராசிரியர் செனரத் பரணவிதான 1956 ஆம் ஆண்டிற் பதிப்பித்தார்.

இனி, அடிவாரத்து நீர்ப்பூங்காவைப் பாருங்கள். அங்குள்ள நீரூற்றுக்கள் மாரிகாலத்தில் இன்றும் நீரைச் சொரிகின்றன. இயந்திரம் எதுவும் இல்லை. உயரத்து நீர் நிலத்தடிக் கால்வாய் வழியே தாழ்விடத்துக்கு வந்து, துளையிட்ட சுண்ணக்கற் பலகையினூடே மேலெழுகின்றது. மட்டம் பார்த்தவன், கால்வாய் அமைத்தவன், கல்லிலே துளையிட்டவன் ஆகிய மூவருள் ஒருவன் கணக்குத் தவறியிருப்பினும் மற்ற இருவர் உழைப்பும் வீணாகியிருக்கும்.

இதிலே ஒரு விந்தையும் உண்டு. தந்தை தாதுசேனனைக் கொன்று அரியணை ஏறியவன் காசியப்பன். தம்பி முகலனோடு பகைத்தவன். இறுதிப் போரிலே தன் படையாலும் கைவிடப்பட்டவன் எனச் சூளவம்சம் கூறுகின்றது. சுற்றத்தோடு ஒத்து வாழாத அரசனின் பெயரை, தம்முள் ஒத்துழைத்த பெயரறியாத தொழிலாளரே நிலைநிறுத்தினர்.

அண்மைக் காலத்தை நோக்கினும் உண்மை இதுவே. கோட்டேயில் நீர் சூழ எழுந்து, 1982 இல் திறக்கப்பட்ட பாராளுமன்றக் கட்டடத்தைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் படைப்பென்றே பேசுகின்றோம். அவரோடு பல ஆண்டுகள் பங்காளராக இருந்து உழைத்த பொறியியலாளர் பூலோகசுந்தரத்தின் பெயரை எத்தனை பேர் அறிவர்? ஒருவர் வடிவத்தைக் கண்டால், மற்றவர் அது நிற்கும் வழியைக் காண வேண்டும். இருவரும் தொடக்கத்திலேயே ஒரு மேசையில் அமர வேண்டும்.

நம் ஊர்களில் நடப்பது என்ன? பூச்சு உலர்ந்து வெள்ளையடித்த சுவரை, மின்கம்பி செலுத்துவதற்காக உளிகொண்டு கொத்துவதைப் புதிய பாடசாலைக் கட்டடங்களிலேயே கண்டிருக்கின்றேன். மின்வேலை செய்பவரைக் கொத்தர் குறை கூறுவார். கொத்தரை ஒப்பந்தக்காரர் குறை கூறுவார். வெடித்த சுவரினூடே இறங்கும் மழைநீரோ மாணவர் புத்தகத்தை நனைக்கும். திறமைக் குறைவால் வந்த கேடன்று இது. முன்கூட்டிப் பேசாமையால் வந்த கேடு.

ஆதலின், வீடு கட்ட எண்ணும் நேயர்களே, அத்திவாரம் வெட்டுவதற்கு முன்னரே கொத்தர், தச்சர், குழாய் பொருத்துநர், மின்வேலையாளர் ஆகியோரை ஒருங்கே அழைத்து, வரைபடத்தை விரித்து வைத்து, ஒவ்வொருவர் சொல்லையும் கேளுங்கள். கூலி பெறுபவர்தானே என்று எவர் சொல்லையும் தள்ளிவிடாதீர்கள். அவ்வொரு நாட்பொழுது, பின்னர் இடித்துக் கட்டும் பல நாட்களை மீதப்படுத்தும்.