105 நிமிடம், 20 ஆன கதை

மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் ஒன்று அடைபட்டுப் பக்கவாதம் வந்தால், நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று 2006இல் ஒரு கணக்கு வந்தது. அடைப்பை உண்டாக்கும் ரத்தக்கட்டியைக் கரைக்க ஊசி இருக்கிறது. பக்கவாதம் தாக்கிய நாலரை மணி நேரத்துக்குள் அதைப் போடுவதுதான் வழக்கமான விதி. அதிலும் முந்தினால் பலன் அதிகம்.

பின்லாந்தின் ஹெல்சின்கி பல்கலைக்கழக மருத்துவமனையில் 1998இல், நோயாளி உள்ளே வந்து ஊசி ஏறுவதற்குள் 105 நிமிடம் ஓடிவிடும். ஆனால் ஊசி போட்டுக்கொண்ட ஒவ்வொருவரின் விவரமும் அங்கே பதிவேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. நேரம் எங்கெங்கே கசிகிறது என்று பார்த்து, ஒவ்வொன்றாக அடைத்தார்கள். ஆம்புலன்ஸ் வழியில் இருக்கும்போதே டாக்டருக்குத் தகவல் போய்விடும். அவர் பழைய மருத்துவக் குறிப்புகளைப் புரட்டி, பரிசோதனைகளுக்கும் எழுதிவிடுவார். வந்து சேர்ந்தவரைக் கட்டிலுக்கு மாற்றிப் படுக்கவைப்பதெல்லாம் கிடையாது. அதே ஸ்ட்ரெச்சரில் நேராக ஸ்கேன் அறை, ஊசியும் அங்கேயே. 2011இல் அந்த 105 நிமிடம் 20 ஆனது. இத்தனைக்கும் மருந்து அதே பழைய மருந்துதான்!

இதே முறையை 2012இல் ஆஸ்திரேலியாவின் ராயல் மெல்போர்ன் மருத்துவமனை எடுத்துக்கொண்டது. நான்கே மாதத்தில் 43 நிமிடம் 25 ஆனது. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது அவர்கள் மறைக்காமல் வெளியிட்ட இன்னொரு விவரம்: அந்த 25, வார நாள் பகல்வேளைக் கணக்கு. இரவிலும் விடுமுறையிலும் வந்தவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல்தான் ஆனது. பெரிய முன்னேற்றம் இல்லை. எல்லாரையும் சேர்த்து ஒரே சராசரி போட்டிருந்தால், ராத்திரி நோயாளியின் கஷ்டம் அதில் கரைந்து போயிருக்கும்.

நிமிடக் கணக்குக்கு வேறொரு குறையும் உண்டு. ஊசி போட்டவர்கள் மட்டுமே அதில் வருகிறார்கள். நேரம் கடந்து வந்தவர்கள், தூக்கத்திலேயே தாக்கப்பட்டு எப்போது என்று சொல்லத் தெரியாதவர்கள், மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டவர்கள் எல்லாரும் பொதுவாக அந்தக் கணக்கில் வருவதில்லை.

இந்த இடத்தில்தான் சுவீடனின் 'ரிக்ஸ்ட்ரோக்' பதிவேடு தனித்து நிற்கிறது. 1994இலிருந்து நடக்கிறது, பக்கவாதத்துக்குச் சிகிச்சை தரும் அந்நாட்டு மருத்துவமனைகள் எல்லாமே இதில் உண்டு. ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் நோயாளி பதிவேட்டில் ஏறுவார். மூன்று மாதம் கழித்து வீட்டுக்குக் கேள்வித்தாள் போகும். அதில் இருப்பவை மிகச் சாதாரணக் கேள்விகள்: தானே உடுத்திக்கொள்ள முடிகிறதா, கழிப்பறைக்குத் துணை வேண்டியிருக்கிறதா, வெளியே நடமாடுகிறீர்களா? ஒரு மருத்துவமனையைத் தரம் பிரிக்கச் சொன்னால், நான் நிமிடங்களுக்கு முன்பு இந்தப் பதில்களைத்தான் கேட்பேன்.